காப்பிக்கு முன் ஒரு மணி நேரம்

நஞ்சுண்டன் காப்பி போடக் கற்றுக்கொண்டது ஐம்பத்தெட்டாவது வயதில். அதற்கு முன் அவருக்கும் சமையலறைக்கும் இருந்த உறவு மிகச் சிறியது. ஃப்ரிட்ஜைத் திறப்பார், உள்ளே பார்ப்பார், "புஷ்பா, தயிர் எங்க?" என்று கேட்பார். தயிர் எப்போதும் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும்.

போன வருஷம் அவர் மனைவி புஷ்பவல்லிக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் செய்து, குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே மகள் ஓவியா கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்து, இருந்த லீவையெல்லாம் போட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அவள் விமானம் ஏறிய மறுநாள் காலை நஞ்சுண்டன் மனைவிக்கு முன்னால் எழுந்து, சமையலறையில் எல்லாக் கதவையும் திறந்து மூடி, ஒரு வழியாகக் காப்பி ஃபில்டரைக் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஓக் ட்ரீ ரோடில் எந்தக் கடையில் எந்தக் காப்பிப் பொடி புதிதாக வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். வார இறுதியில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றுசேர்ந்தால், "டிகாஷனுக்குப் பொறுமை வேணுமுங்க, அவசரப்பட்டா ஆகாது" என்று ஆரம்பித்துவிடுவார். ஆயுள் முழுக்கக் காப்பி போட்டே கை காய்த்துப்போன பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள்.

மாத்திரை கொடுக்கும் இலாகாவும் அவர் கைக்கு வந்தது. ஓவியா பிறந்ததிலிருந்தே புஷ்பவல்லி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. காலையில் நஞ்சுண்டனின் இடது உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளும் வலது கையில் நுரை ததும்பும் டம்ளரும் இருக்கும். "இந்தா அம்மிணி, போட்டுக்க" என்று நீட்டிவிட்டு, அவள் விழுங்கி முடிக்கும் வரை நகரமாட்டார். அப்புறம் தன் டம்ளரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளோடு குடிப்பார். பனி கொட்டி ரூட் 18 நெடுஞ்சாலை மூடிக் கிடந்த நாளில்கூடத் தவறவில்லை என்று பெருமையாகச் சொல்வார். படுக்கையறைக்குப் போக ரூட் 18 எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவரை உறுத்தியது. புஷ்பவல்லி குறை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் குறை சொல்லாத நாள் கிடையாது. ஷூவைக் கழற்றிப் போடும் இடம், காரை ரிவர்ஸ் எடுக்கும் லட்சணம், புல்வெட்டும்போது நடுவில் ஒரு கீற்றை விட்டுவிடுவது, ஆபீஸ் மீட்டிங்கில் தெருவுக்கே கேட்கும்படி பேசுவது என்று பட்டியல் நீளும். இப்போது எதைக் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்றாள். காப்பி எப்படி என்றால் "நல்லா இருக்குதுங்க" என்றாள். கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நஞ்சுண்டனுக்கு என்னவோ பயமாகத்தான் இருந்தது.

அவருடைய இன்னொரு பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சி.ஈ.ஏ. என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரோட்டீன். குடல் புற்றுநோய் இருந்தால் பலருக்கு அது கூடுதலாகச் சுரக்கும். கட்டியை எடுத்ததும் இறங்கிவிடும். அதற்கப்புறம் சில மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எண் கீழேயே கிடந்தால் நிம்மதி. ஏறத் தொடங்கினால், கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ நோய் மறுபடி தலைதூக்குகிறதோ என்று தேடவேண்டும்.

புரோட்டீன் விஷயத்தில் நஞ்சுண்டன் முன்பே ஒரு தடவை சூடுபட்டவர். எடுத்த கட்டியைச் சோதித்தபோது இருக்கவேண்டிய நாலு புரோட்டீன்களில் இரண்டைக் காணோம் என்று ரிசல்ட் வந்தது. காணோம் என்றதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் பார்த்தால், நோய் பரவாத இந்தக் கட்டத்தில் அது நல்ல அறிகுறியாம். அதை வைத்துத்தான் கீமோ வேண்டாம் என்றார்கள். ஓவியாவுக்கும் இது வருமோ என்று தனியாகச் சோதித்து, பரம்பரை விஷயம் இல்லை என்றும் சொன்னார்கள். ஆகவே இனி எதையும் டாக்டர் சொல்லாமல் தானே படித்துப் பயப்படுவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார்.

அந்தச் சபதம் பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை உடைந்தது. இந்த ஊரில் ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரின் கண்ணுக்குப் போகும் முன்பே நோயாளியின் போனுக்கு வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி ஆப்பில் புஷ்பவல்லியின் கணக்கைப் பார்ப்பது நஞ்சுண்டன்தான். திறந்தார். சி.ஈ.ஏ.வுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. போன தடவை இரண்டிலிருந்து நாலுக்கு ஏறியிருந்தது, எல்லைக்குள் இருந்ததால் மென்று விழுங்கிவிட்டார். இப்போது ஆறைத் தாண்டியிருந்தது.

அவர் வேலையே ஒரு மருந்துக் கம்பெனியில் வரைபடங்களைப் பார்த்து எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று சொல்வதுதான். வரிசையாக ஏறும் எண்ணைப் பார்த்தால் அடுத்தது எங்கே போகும் என்று அவர் கை தானாகவே கோடு போட்டுவிடும். அன்றைக்கும் போட்டது. போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

ஓவியாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில்தான் இங்கிலீஷில் வரும்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஒன் நம்பர். டாக்டர் கால் பண்ணட்டும். ப்ளீஸ் டோன்ட் கூகிள்."

"பண்ணல கண்ணு."

"அப்பா."

"கொஞ்சம் பண்ணுனேன்."

"ஓ காட். அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லப்போறதில்ல. டாக்டர் சொல்ற வரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்."

ரகசியம் காப்பதில் நஞ்சுண்டன் எப்படிப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியாது, வீட்டில் மற்ற இருவருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை புஷ்பவல்லி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எப்போதும் குளிர். எப்போதும் அசதி. முகம் உப்பியிருந்தது, முடி கொட்டியது, குரல்கூடக் கரகரத்தது. எல்லாவற்றையும் நஞ்சுண்டன் அந்த ஒரே நோயின் கணக்கில் எழுதிக்கொண்டார். அவள் எடை கூடியிருந்ததுதான் கணக்கில் ஒட்டவில்லை. அதை விட்டுவிட்டார். ஒட்டாத எண்ணை விட்டுவிடுகிறவர்களை ஆபீசில் வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர் அவர்.

எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஹீட்டர் தெர்மோஸ்டாட்டை எழுபத்துநாலு ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றினார். புஷ்பவல்லி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

"சொல்லு."

"அந்த நம்பர் ஏறிருச்சுங்களா?"

"எந்த நம்பரு? இது ஹீட்டர் நம்பரு."

"இந்த வீடு வாங்குனதுல இருந்து அறுபத்தெட்டுக்கு மேல போனா கரண்ட் பில்லு, கேஸ் பில்லுன்னு என்னைய வைவீங்க. இன்னிக்கு நீங்களா ஏத்தறீங்க. சொல்லுங்க, ஏறிருச்சுங்களா?"

நஞ்சுண்டன் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தபடியே அழுதார். சுவரைப் பார்த்து அழுதால் அழுகை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, தோள் குலுங்கியது. புஷ்பவல்லி எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் பயம்தான், கை சில்லென்று இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அழுகாதீங்க. பாத்துக்கலாம். வாங்க, காப்பி ஆறுது."

அன்றைக்கு அவள் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

திங்கள்கிழமை டாக்டர் பவதாரணியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நியூ பிரன்ஸ்விக்கில் புற்றுநோய் மருத்துவர். உடனே ஸ்கேன் எடுக்கவும், இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள் செய்யவும் சொன்னார். அந்த வாரம் முழுக்க நஞ்சுண்டன் காப்பியில் இன்னும் கொஞ்சம் டிகாஷனைக் கூட்டினார். அவள் உடம்புக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. இந்தத் தடவை போனில் வந்த எந்த முடிவையும் திறக்கவில்லை. போனிலிருந்து அந்த ஆப்பையே அழித்துவிட்டார்.

டாக்டரின் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வழக்கமாகக் கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளும் புஷ்பவல்லி அதைத் தரையில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல நல்லதைச் சொல்லுறன்," என்றார் டாக்டர் பவதாரணி. "ஸ்கேன் கிளீன். ஈரல்லயும் ஒண்டும் இல்லை, நுரையீரல்லயும் ஒண்டும் இல்லை."

நஞ்சுண்டனுக்கு மூச்சு வந்தது. பாதி மூச்சுதான். "அப்ப அந்த நம்பருங்க டாக்டர்?"

"அதுதான் எனக்கும் யோசினை. ஸ்கேன்ல தெரியாத அளவுக்குச் சின்னதா ஏதும் இருக்கலாம். இல்லாட்டி வேற காரணமும் இருக்கலாம். சிகரெட் பத்தினாலும் அந்த புரோட்டீன் கொஞ்சம் ஏறும். ஈரல் பழுதெண்டாலும் ஏறும். தைரொயிட் நல்லாக் குறைஞ்சாலும் ஏறும்." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "அக்கா, உங்கட தைரொயிட் மோசமாக் குறைஞ்சு போய்க் கிடக்கு. நீங்கள் குளிசை எடுக்கிறேல்லையோ?"

புஷ்பவல்லி வாயைத் திறக்கும் முன் நஞ்சுண்டன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் இலாகாவின் மேலேயே கை வைத்துவிட்டார்கள்.

"என்னங்க டாக்டர் இப்படிக் கேட்டுப்போட்டீங்க! மாத்திரைய என்ற கையாலயே குடுக்கறனுங்க. ஒரு நாள் மிஸ் ஆனதில்லீங்க. பனி கொட்டி ரூட் எய்ட்டீன்..."

"எதோட குடுக்கிறனீங்கள்?"

"காப்பியோடங்க. ஃபில்டர் காப்பி, நானே போடறது. அவளுக்கு ரெண்டு ரெண்டு தடவை சிரமம் வேண்டாம்னு இரும்பு மாத்திரையும் ஒண்ணாவே குடுத்தர்றனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வந்து, சிரிப்பு முந்திக்கொண்டதால் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஐயோ அண்ணை. தைரொயிட் குளிசை வெறும் வயித்தில தண்ணியோட எடுக்கிறது. ஒரு மணித்தியாலம் போனாப் பிறகுதான் கோப்பி. இரும்புக் குளிசை இன்னும் நாலு மணித்தியாலம் தள்ளி. ரெண்டும் சேந்தா உடம்பில சரியாப் பிடிக்காது. நீங்கள் ஒரு கையால குடுத்ததை மற்றக் கையால பறிச்சுப்போட்டியள். இந்தக் குளிர், அசதி, முகம் வீங்கினது, முடி கொட்டினது எல்லாம் தைரொயிட் வேலை."

நஞ்சுண்டன் முகம் இஞ்சி தின்ற மாதிரி ஆனது. ஒரு வருஷம். தினமும் காலையில், மனைவியின் பக்கத்தில் நின்று, விழுங்குகிறாளா என்று காவல் காத்து அவள் உடம்பைக் கெடுத்திருக்கிறார். நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. தன் காப்பிதான் காரணம் என்றால், நோய் காரணம் இல்லை. கடவுளே, நானே குற்றவாளியாக இருக்கட்டும் என்று அவர் மனசார வேண்டிக்கொண்டார். அப்படி வேண்டிக்கொண்ட மனிதர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"அப்ப பயமில்லீங்களா டாக்டர்?"

"நூறு வீதம் நிச்சயமெண்டு இப்ப சொல்லேலாது. குளிசையைச் சரியா எடுங்கோ. ரெண்டு மாசத்தால திரும்ப ரத்தம் பாப்பம். தைரொயிட் ஏற ஏற அந்த எண் இறங்கவேணும். இறங்கினா இந்தக் கதை முடிஞ்சுது."

பார்க்கிங் கட்டடத்தில் காருக்குள் ஏறிய பிறகும் நஞ்சுண்டன் வண்டியைக் கிளப்பவில்லை.

"இத்தனை வருஷமா நீ போடற மாத்திரை. எப்படிப் போடணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரியுமா!"

"காலைல எந்திரிச்சதும் தண்ணில போட்டுக்குவேன். குளிச்சு, சாமி கும்புட்டு, உங்களுக்கு டப்பா கட்டி வெச்சுட்டு, அப்புறந்தான் காப்பி. நீங்க எந்திரிக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். அதனால நீங்க பாத்ததில்ல."

"அப்ப என்னைய ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கறதுக்கு என்ன?"

புஷ்பவல்லி கார்க் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க சொல்றது? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து மொதத் தடவையா எனக்குன்னு ஒருத்தர் காப்பி போட்டுக் கொண்டாந்து நீட்டறீங்க. பக்கத்துல உக்காந்து குடிக்கறீங்க. வேண்டாம், அப்புறம் குடிக்கறேன்னா உங்க மூஞ்சி எப்படிப் போகும்? மாத்திரை கொஞ்சம் கம்மியாப் புடிக்கும்னு தெரியும். இவ்வளவு ஆகும்னு தெரியாது. இருக்கற வரைக்கும் இது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இருக்கற வரைக்கும். அந்த வார்த்தை நஞ்சுண்டனைச் சுட்டது. எண் ஏறுவதற்கு வெகு முன்பே, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலேயே, இவள் தன் கணக்கை முடித்துவைத்துவிட்டாள். அதனால்தான் ஷூவும் புல்லும் ரிவர்ஸும் அவளுக்குப் பரவாயில்லை என்று ஆகிவிட்டன. விட்டுவிட்டுப் போகப்போகிற வீட்டில் யார் சுவரின் விரிசலைச் சுட்டிக்காட்டுவார்கள்? அவர் அவளைத் திட்ட நினைத்தார். அதற்குப் பதில் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் ஒருவன் இடத்துக்காக ஹாரன் அடித்தான்.

மறுநாளிலிருந்து சட்டம் மாறியது. விடிந்ததும் நஞ்சுண்டன் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவருவார். அப்புறம் ஒரு மணி நேரம் இருவருக்கும் காப்பி கிடையாது. அவளுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று அவராக விதித்துக்கொண்ட தண்டனை அது. முதல் சில நாள் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். பிறகு வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். அவளுக்கு இத்தனை விஷயம் சொல்ல இருந்தது அவருக்குப் புதிது.

ஸ்வெட்டர் ஒரு நாள் கழன்றது. குரலின் கரகரப்பு போனது. எதிர்வீட்டு வாசலில் மரம் பூக்கத் தொடங்கியபோது புஷ்பவல்லி மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். ஒவ்வொன்றையும் பார்த்து நஞ்சுண்டன் சந்தோஷப்பட்டார், உடனே பயந்தார். தைராய்டு சரியாகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் புரோட்டீன் இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாதே.

ஏப்ரல் கடைசியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை, தண்ணீருக்கும் காப்பிக்கும் நடுவிலான அந்த நேரத்தில், போன் ஒலித்தது. அழித்த ஆப்பை நஞ்சுண்டன் முந்தின நாளே திரும்ப ஏற்றிவைத்திருந்தார். இப்போது தொடத் தைரியம் இல்லை. போனை மனைவியிடம் நீட்டினார்.

"நீயே பாரு."

புஷ்பவல்லி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். நிதானமாகத் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டுங்க," என்றாள். "ரெண்டு புள்ளி ஒண்ணு. அம்புக்குறி எதுவும் இல்ல."

அவர் பிடுங்கிப் பார்த்தார். அணைத்துவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். தைராய்டும் எல்லைக்குள் வந்திருந்தது. இடுப்பில் யாரோ இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. "இறங்கிருச்சு அம்மிணி, இறங்கிருச்சு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். கலிபோர்னியாவில் இன்னும் விடியவில்லை என்பது நினைவிருந்தும் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா? வாட் ஹேப்பன்ட்?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு கண்ணு!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "அம்மாகிட்ட குடுங்கப்பா," என்றாள் ஓவியா, தமிழில்.

அம்மாவும் மகளும் அழுது சிரித்து முடிக்கும் நேரத்தில் நஞ்சுண்டன் காப்பி போட்டார். அவசரத்தில் அடுப்பில் பால் கொஞ்சம் வழிந்தது. நுரை ததும்பக் கொண்டுபோய் அவள் எதிரில் வைத்துவிட்டு, தன் டம்ளரோடு உட்கார்ந்தார். புஷ்பவல்லி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் புருவம் மெல்லச் சுருங்கியது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் அந்தச் சுருக்கத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"டிகாஷன் கசப்பு தாங்கல. வேப்பெண்ணெயாட்ட இருக்குது. மொத நாள்ல இருந்தே இப்படித்தான். பொடிய இப்படியா அமுக்கி அமுக்கி வெப்பாங்க?"

நஞ்சுண்டன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே இருந்தார்.

"பால ஆடையோட ஊத்தறீங்க. ஃபில்டர ஒழுங்காக் கழுவறதில்ல, அடியில பொடி அப்படியே ஒட்டிட்டு இருக்குது. நேத்து ஷூவ எங்க போட்டிருக்கீங்கன்னு பாத்தீங்களா? அப்புறம் அந்த தெர்மோஸ்டாட்ட மொதல்ல இறக்குங்க. ஏப்ரல் மாசம் முடியப்போகுது, வெந்து சாகறேன் நானு."

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்கவில்லை. போனில் வந்த எண்ணை அவர் இரண்டு தடவை சரிபார்த்திருந்தார். இதைச் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் சொல்லு," என்றார்.

"எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லிட்டா, நாளைக்கு என்னத்தைச் சொல்றது?" என்றாள் புஷ்பவல்லி.

நஞ்சுண்டன் தெர்மோஸ்டாட்டை இறக்க எழுந்து போனார்.